இரவல் குரல்

"நான் பேசாத பேச்சுக்கு எனக்குப் பாராட்டு வந்திருக்கு மேடம்" என்றாள் ஜபீன்.

அதைச் சொல்லி முடிக்க அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. 'பே'யில் ஒரு தரம் நின்றாள், 'பா'வில் இரண்டு தரம் நின்றாள். உதட்டை இறுக்கி, கண்ணை மூடித் திறந்து, தடுக்கிய இடத்திலிருந்தே மறுபடி புறப்பட்டு வந்து சேர்ந்தாள்.

திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது சாராளின் துப்பறியும் அலுவலகம். 2008 ஜூன் மாதம். காலையிலேயே மின்சாரம் போயிருந்தது. குற்றப்பிரிவில் தலைமைக் காவலராக இருந்து, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறிவிட்டு வந்தவள் சாராள். அவளால் நாற்காலியில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே கேட்டாள்.

"புரியிற மாதிரி சொல்லும்மா. எங்க பேசணும், யாரு பாராட்டுனாங்க?"

ஜபீன் சொன்னாள். பழவேற்காட்டுக்காரி. சட்டம் முடித்தவள். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டமும் டிஜிட்டல் பொருளாதாரமும் சேர்ந்த மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள்.

"டிஜிட்டல் பொருளாதாரமா?" என்றான் திருமலை. சாராளின் உதவியாளன், ஓட்டுநர், சமயத்தில் சமையல்காரன். "எங்க ஊட்ல டிஜிட்டலா இருக்கறது ஒரே ஒரு கடிகாரம். அதுவும் நின்னு போய்க் கெடக்குது."

"நீ கொஞ்சம் நிக்கிறியா?" என்றாள் சாராள். "உள்ள சேர்றதுக்கு இன்னா இன்னா கேக்கறாங்க?"

சட்டப் பட்டம், அதில் குறைந்தது அறுபது சதவீதம், ஆங்கிலத் தேர்வு, இரண்டு பேராசிரியர்களின் சிபாரிசு. எல்லாம் ஜபீனிடம் இருந்தது. கடைசியாக ஒரு நேர்காணல், தொலைபேசியில். அதில் மட்டும் விண்ணப்பித்தவர்தான் பேச வேண்டும், வேறு யாரும் உதவக்கூடாது. பழவேற்காட்டில் செல்போன் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அன்னிக்குக் காலைல அண்ணன் போனை எடுத்தாரு. நேர்காணலை வியாழக்கிழமைக்குத் தள்ளி வெச்சுட்டாங்கன்னு சொன்னாரு. நானும் ஒரு சான்றிதழ் வாங்கறதுக்காகத் திருவள்ளூர் வந்துட்டேன். புதன்கிழமை அங்கேர்ந்து அலுவலகத்து அம்மா பேசினாங்க. நேத்து ரொம்ப நல்லா பேசின, இடம் உனக்குத்தான்னு சொன்னாங்க."

"நேத்து பேசுனது நானில்லன்னு நீ சொல்லலியா?"

"எனக்கு வாயே வரல மேடம்." ஜபீன் குனிந்துகொண்டாள். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வரேன்னு உறுதி சொல்லணும். சொன்னா, பொய்யில ஏறி உக்காந்து சட்டம் படிக்கப் போறேன். சொல்லலைன்னா இடம் போயிடும். என் பேர்ல பேசினது யாருன்னு தெரியாம என்னால எதுவும் செய்ய முடியல. ரெண்டு நாளா தூக்கமே இல்ல."

எதிரியைத் தோற்கடிக்க ஆள் வைப்பவர்களைத் திருமலை பார்த்திருக்கிறான். சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தியை ஜெயிக்க வைத்துவிட்டுப் போனவனைப் பற்றி இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"அந்த அம்மா பேசுனதை ஒண்ணு விடாம சொல்லு" என்றாள் சாராள்.

"நேர்காணல் எடுத்த பேராசிரியர் எல்லார்கிட்டயும் உன் நண்டுக் கதையைச் சொல்லிக்கிட்டிருக்காருன்னாங்க. அப்புறம், பேச ஆரம்பிச்சதுமே சைரன் ஊதிச்சே, ஊர்ல எதுவும் ஆபத்து இல்லையேன்னு கேட்டாங்க. ஒண்ணு நீளமா ஊதிச்சாம். அது முடியறதுக்குள்ள இன்னொண்ணு விட்டு விட்டு ஊதிச்சாம். கடைசியா, இங்க வந்து பேசும்போதும் நேத்து மாதிரியே நிதானமா நேரம் எடுத்துக்கோ, யாரும் அவசரப்படுத்த மாட்டாங்கன்னு சொன்னாங்க."

சாராள் நடப்பதை நிறுத்தினாள். "நண்டுக் கதை இன்னா?"

ஜபீனின் தகப்பனார் அஸ்கர் அலி சிங்கப்பூருக்கு உயிர் நண்டு அனுப்பும் வியாபாரி. ஓர் இணையதளம் வழியாக வந்த ஆர்டருக்கு நண்டு அனுப்பினார். வாங்கியவன் எல்லாம் செத்துப்போய் வந்தது என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனான். வழக்குப் போடப் போனால், ஒப்பந்தம் எந்த ஊரில் நடந்தது என்று கேட்டார்கள். பழவேற்காட்டிலா, சிங்கப்பூரிலா, அந்த இணையதளம் ஓடும் கம்ப்யூட்டர் எந்த நாட்டில் இருக்கிறதோ அங்கேயா? பொன்னேரி நீதிமன்றத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் ஜபீன் இந்தப் படிப்பைத் தேட ஆரம்பித்தாள்.

"இது வெளியில யாருக்குத் தெரியும்?"

"ஊட்ல எல்லாருக்கும். வக்கீலுக்கு. என்கூடப் படிச்ச சத்யாவுக்கு. ஆனா அவ சென்னையில ஹைகோர்ட்ல சீனியர் ஒருத்தர்கிட்ட இருக்கா. பேசியே ரொம்ப நாளாச்சு."

"செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு உங்க ஊட்ல யாரு இருந்தாங்க?"

"உம்மா. போன் பக்கத்துலயேதான் உக்காந்து இறாலு உரிச்சுக்கினு இருந்தாங்க. மணியே அடிக்கலையாம்."

"அடிக்காத போனை எடுத்து ஒருத்தி ஐரோப்பாவுக்குப் பதில் சொல்லியிருக்கா" என்றான் திருமலை. "யக்கா, இது துப்பு இல்ல. பேய்."

"பேய்க்கு எதுக்குடா சைரன்? வர்ற போன் காலை வேற நம்பருக்குத் திருப்பி விட்டிருக்காங்க. உங்க ஊர்ல ஃபேக்டரி உண்டா ஜபீன்?"

"கிடையாது. கடலும் ஏரியும்தான்."

"காக்களூர்ல இருக்குதே" என்றான் திருமலை. "தோ, பக்கத்துல."

"காக்களூர்ல சின்னச் சின்ன பட்டறை. ஐரோப்பா வரைக்கும் கேக்கற சங்கு எவன் வெச்சிருக்கான்?"

திருமலை திடீரென்று நெற்றியைத் தட்டிக்கொண்டான். "விட்டு விட்டு ஊதிச்சுன்னா சொன்ன? யக்கா, நான் கும்மிடிப்பூண்டியில மூணு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டுனேன். சிப்காட்ல ஒரு கம்பி ஃபேக்டரி. அவன் சங்கு ரிப்பேரு. ஆஸ்துமா வந்த மாதிரி விட்டு விட்டுத்தான் ஊதும். ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்கு நாங்க அதைக் கேட்டுத்தான் வண்டியை எடுப்போம். நீளமா ஊதறது எதிர்ல இருக்கற பாட்டில் மூடி கம்பெனி."

"ரெண்டும் ஒண்ணா கேக்கற எடம்?"

"ஒரே எடம். ரெண்டு கம்பெனிக்கும் நடுவுல ரோட்டு முனை. கொஞ்சம் தள்ளிப் போனா ஒண்ணு காணாம பூடும்."

சாராள் ஏற்கெனவே மாடிப்படியில் இருந்தாள்.

பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் என்று ஆம்னி வேன் பறந்தது. வழியில் ஒரு டீக்குக்கூட சாராள் நிறுத்த விடவில்லை. பின்சீட்டில் ஜபீன் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"ஜபீன், போன் காலைத் திருப்பணும்னா உங்க ஊட்டு போன்லேர்ந்தேதான் நம்பரை அமுக்கணும்" என்றாள் சாராள், திரும்பிப் பார்க்காமல்.

ஜிப் சத்தம் நின்றது.

"அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாரு. யாரோ அவரையும் ஏமாத்தியிருக்காங்க. நான் படிக்கணும்னு வாப்பாகிட்டச் சண்டை போட்டதே அஃப்தாப் அண்ணன்தான்."

"அதான் எனக்கும் இடிக்குது. உன்னைத் தடுக்கணும்னு நெனைக்கறவன் ஆள் வெச்சு உன்னை ஜெயிக்க வைக்க மாட்டான்."

கும்மிடிப்பூண்டி முனையில் வேனை நிறுத்தியபோது இரண்டு மணி ஆகவில்லை. லாரிகள் கரியும் புழுதியும் கிளப்பிக்கொண்டு போயின. டீக்கடை, பஞ்சர் கடை, லாரி புக்கிங் ஆபீஸ், ஐ.எஸ்.டி. பூத், அதற்கு மேலே மாடியில் 'ஆதிநாராயணன், வழக்கறிஞர், நோட்டரி' என்ற பலகை. சாராள் ரோட்டை இரண்டு தரம் கடந்து திரும்பினாள். திருமலை கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தான்.

முதலில் மூடி கம்பெனியின் சங்கு நீளமாக எழுந்தது. அது இறங்குவதற்குள் கம்பி ஃபேக்டரியின் சங்கு இருமத் தொடங்கியது.

"இதேதான்" என்றான் திருமலை. "இந்த முனையில எங்கன்னுதான் தெரியல."

"லாரி ஆபீஸ்ல பேசுனா சங்கு எதுக்கு, அவங்க போடற கூச்சலே ஐரோப்பாவுக்குக் கேட்டிருக்கும். பூத்ல பேசுனா கண்ணாடிப் பொட்டிக்குள்ள சங்கு அவ்வளவு கேக்காது. சட்டம் பேசியிருக்கா. வேற எங்க போவணும்?"

மூன்று பேரும் மாடி ஏறினார்கள்.

வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பெண், கறுப்பு கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு, டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தவள் கையிலிருந்த மூடியைக் கீழே விட்டாள்.

"சத்யா" என்றாள் ஜபீன். "நீ ஹைகோர்ட்ல இருக்கேன்னு சொன்னியே."

சத்யாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. திருமலை இந்த மாதிரி முகங்களை நிறையப் பார்த்திருக்கிறான். பிடிபட்டவர்களில் சில பேர் கொஞ்சம் நிம்மதி அடைவார்கள். இவள் அந்த ரகம்.

"ஹைகோர்ட்ல ஒருத்தரும் சேர்த்துக்கல" என்றாள் கடைசியில். "இங்க பத்திரம் அடிச்சுக்கினு இருக்கேன்னு உன்கிட்டச் சொல்ல மானம் போச்சு. காலேஜ்ல மூட் கோர்ட் வாதப் போட்டில நாம ரெண்டு பேரும்தானே ஜெயிச்சோம். நீ எழுதிக் கொடுப்ப, நான் பேசுவேன்."

"செவ்வாய்க்கிழமையும் நீதான் பேசுனியா?" சாராள் கேட்டாள்.

"ஆமா."

"யாரு பேச வெச்சாங்க?"

அப்போது மேஜையில் இருந்த தொலைபேசி அடித்தது. சத்யா கை நீட்டுவதற்குள் சாராள் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கிவிட்டாள்.

"சத்யா, அஃப்தாப் பேசறேன்மா" என்றது ஓர் ஆண் குரல், மூச்சு வாங்க. "தங்கச்சி காலையிலேர்ந்து ஊட்ல இல்ல. செல்லையும் எடுக்கல. ஒரே பேஜாராக்கீது. அவ உன்னைத் தேடிக்கினு வந்தா ஒண்ணும் சொல்லிடாத. இன்னிக்கு ஒரு நாள் தாண்டிட்டா போதும்."

ஜபீன் தொலைபேசியின் அருகே வந்து நின்றாள்.

"நான்தாண்ணே."

எதிர்ப்பக்கம் ரிசீவர் எதிலோ மோதும் ஓசை கேட்டது.

"ஏண்ணே இப்படிப் பண்ணின?"

"தப்புதாம்மா." அஃப்தாபின் குரல் இறங்கிவிட்டது. "நீ படிச்சதெல்லாம் நாக்கு நுனியில வந்து நின்னுடுமேன்னு பயந்துட்டேன். கேள்வி கேக்கறவனுக்கு உன்னை இன்னா தெரியும்? ரெண்டு வார்த்தை திக்குனா, சரி வெச்சுடுன்னுடுவான். சின்ன வயசுல ஸ்கூல் மேடையில நீ நின்னதையும் கீழ இருந்தவங்க சிரிச்சதையும் நான் பாத்தவன். இன்னொரு வாட்டி அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. சத்யா நல்லா பேசும். அங்க ஐஸ் ஃபேக்டரிக்கு வந்தப்ப சத்யாவைப் பாத்தேன். கேட்டேன். சரின்னுச்சு."

ஜபீன் சுவரில் சாய்ந்துகொண்டாள். அண்ணன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று திருமலைக்குத் தோன்றியது.

சாராள் மட்டும் இன்னும் அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள். வழக்கு முடிந்தால் அவள் உட்கார்ந்துவிடுவாள். அவள் உட்காரவில்லை.

"சத்யா, நீ எப்படிப் பேசுன?"

"எப்படின்னா?"

"அந்த அலுவலகத்து அம்மா ஜபீன்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. இங்க வந்தும் நேத்து மாதிரியே நேரம் எடுத்துக்கோ, யாரும் அவசரப்படுத்த மாட்டாங்கன்னு. கடகடன்னு பேசுற பொண்ணுகிட்ட யாராச்சும் அப்படிச் சொல்வாங்களா?"

சத்யா தலையைக் குனிந்துகொண்டாள். தொலைபேசியின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"திக்குனேன்" என்றாள். "வேணும்னே திக்குனேன்."

"இன்னாது?" என்றது அஃப்தாபின் குரல்.

"நானும் அதே படிப்புக்குத்தான் ஆசைப்பட்டேன். அறுபது சதவீதம் வேணும்னாங்க. என்கிட்ட ஐம்பத்தேழுதான் இருந்துச்சு. விண்ணப்பத்தையே வாங்கிக்கல. நான் போக முடியாத எடத்துக்கு என் குரல் மட்டும் போய் இவளை உக்கார வெக்கணுமான்னு ஆத்திரம் வந்துச்சு. உங்ககிட்ட சரின்னேன். திக்குனா தள்ளிடுவாங்கன்னு நீங்க நெனைச்ச மாதிரியேதான் நானும் நெனைச்சேன். வணக்கம் சொல்றதுக்கே அரை நிமிஷம் எடுத்துக்கிட்டேன். எப்ப போனை வெப்பாருன்னு காத்துக்கினே இருந்தேன். அவர் வெக்கவே இல்ல."

கீழே லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது.

"அப்புறம் ஒப்பந்தம் எங்க நடக்குதுன்னு கேட்டாரு. நல்ல கேள்வி. ரெண்டு வருஷமா என்னை யாரும் சட்டத்துல ஒரு கேள்வி கேக்கல, பத்திரம் ரெடியான்னுதான் கேப்பாங்க. என்னால சும்மா இருக்க முடியல. உங்க வாப்பாவோட நண்டு வழக்கைச் சொன்னேன். தெரிஞ்சதெல்லாம் சொன்னேன். திக்கறதையும் விட முடியல, பதிலையும் விட முடியல. கெடுக்கத்தான் உக்காந்தேன் ஜபீன். நெஜமா."

அப்போதுதான் சாராள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆக, திக்கிப் பேசுன பொண்ணுக்குத்தான் அவங்க எடம் கொடுத்திருக்காங்க" என்றாள், தொலைபேசியைப் பார்த்து. "கேட்டீங்களா தம்பி? நீங்க பயந்த விஷயம் அவங்க கேட்ட தகுதியிலேயே இல்ல."

அஃப்தாப் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. ஜபீன், "அப்புறம் பேசறேண்ணே" என்று பட்டனை அமுக்கினாள். திருமலை அவளைப் பார்த்தான். அழுவாள் என்று நினைத்திருந்தான். அவள் கைப்பையில் இருந்து செல்போனை எடுத்து ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கீழ பூத்ல இருந்து ஐரோப்பாவுக்குப் பேச முடியுமாண்ணா?"

"முடியும்" என்றான் திருமலை. "இன்னா பேசப் போற?"

"இருக்கறதைத்தான்."

படியிறங்கும்போது சத்யா பின்னாலேயே வந்தாள். "என் பேரையும் சொல்லிடு" என்றாள். "யாரோ ஒருத்தின்னு சொல்லாத. என் வக்கீல் பதிவுக்கு ஆபத்து வந்தா வரட்டும்."

ஜபீன் அவளைத் திரும்பிப் பார்த்தாள். தலையை மட்டும் அசைத்தாள்.

பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கியதும், சாராள் கடைக்காரரின் நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, காசு ஓடுவது ஜபீன் கண்ணில் படாதபடி அதன் மேல் ஒட்டிவிட்டு வெளியே வந்தாள். பேராசிரியர் கிடைத்துவிட்டார். ஜபீன் ஆங்கிலத்தில் பேசினாள். ஒவ்வொரு சொல்லின் வாசலிலும் நின்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. திருமலை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"இன்னா சொல்லுது?" என்று சத்யாவைக் கேட்டான்.

"செவ்வாய்க்கிழமை பேசினது நான் இல்லன்னு சொல்றா. என் பேரைச் சொல்லிட்டா." சத்யா கண்ணாடியைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள். "அந்த இடம் உனக்கு இல்லன்னு சொல்லிட்டாரு போல. சரி, எனக்குப் புரியுதுன்றா."

ஜபீன் ரிசீவரை வைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னாள்.

"சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே, ஏன் சொன்னன்னு அவர் கேட்டிருக்கணும்" என்றாள் சத்யா. அவள் கண்கள் நிறைந்திருந்தன. "நாளைக்கு ஒரு கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒளிஞ்சிக்கறவனை நான் கோர்ட்டுக்கு இழுக்கணும், நானே இன்னொருத்தி குரலுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு அதைப் படிக்க முடியாதுன்றா."

உள்ளே ஜபீன் ஒரு கையால் கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்தாத கதவு அந்தத் தடவை சாத்திக்கொண்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் உதடு அசைவதும் நிற்பதும் மறுபடி அசைவதும் மட்டும் தெரிந்தது. டீ வந்தது. ஆறியது. சாராள் ரோட்டைக் கடந்து போய் வந்தாள். கடைக்காரர் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார், திருமலை இரண்டு தரமும் அவருக்கு ஒரு கதை சொன்னான்.

கதவு திறந்தபோது ஜபீனின் துப்பட்டா வியர்வையில் நனைந்திருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றான் திருமலை.

"அந்த எடம் போச்சுண்ணா. நடந்ததைக் குழுவுக்கு எழுதியாகணும்னாரு. இந்த வருஷம் கெடையாது. அடுத்த வருஷத்துக்கு என்னைச் சிபாரிசு பண்றதா சொன்னாரு. அதுவும் குழு ஒத்துக்கினாத்தான்."

"அப்ப எதுக்கு சிரிக்கிற?"

தான் சிரித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது போலிருந்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இவ்வளவு நேரம் பேசினேன்" என்றாள். "ஒரு தடவைகூட அவர் என் வார்த்தையை எனக்காக முடிச்சு வெக்கலண்ணா."